ஒரு நாள் தண்ணீர், ஒரு வாரப் பாலைவனம்: பாப்லோ வலென்சியா நிகழ்வு

1905 ஆகஸ்ட் 23, விடியற்காலை. அமெரிக்காவின் அரிசோனாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய டினாஹாஸ் ஆல்டாஸ் என்ற இடத்தில் முகாம் போட்டிருந்த டபிள்யூ. ஜே. மெக்கீ, கரகரத்த ஓர் உறுமல் கேட்டு விழித்தார். மாடு ஏதோ கத்துகிறது என்று முதலில் நினைத்தார். அவரும், துணைக்கு இருந்த, பாப்பகோ என்ற பூர்வகுடி இனத்தவரான ஹோஸேயும் சத்தம் வந்த பக்கம் ஓடினார்கள். முகாமுக்குச் சற்றுத் தள்ளி வறண்ட ஓடைப் படுகையில் ஒரு மனிதர் கிடந்தார். ஒரு வாரத்துக்கு முன் அவர்களிடம் சொல்லிக்கொண்டு புறப்பட்ட பாப்லோ வலென்சியாதான் அவர்.

போகும்போது பாப்லோவுக்கு நாற்பது வயது மதிக்கலாம், கட்டுமஸ்தான உடம்பு. இப்போது உடலில் துணி இல்லை. கைகால் சூம்பி, விலா எலும்புகள் துருத்திக்கொண்டிருந்தன. உதடு என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை; பல்லும் கறுத்த ஈறும் வெளியே தெரிந்தன. நாக்கு சுருங்கிக் கறுத்த ஒரு துண்டாகியிருந்தது. கண்களைச் சுற்றியிருந்த தோல் உள்ளிழுத்துக்கொண்டதால் இமைக்க முடியவில்லை. வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிந்தன, உரத்த சத்தம் மட்டும் கேட்டது. பேச்சும் இல்லை, விழுங்கவும் முடியவில்லை. மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. முள்ளும் கல்லும் கிழித்த காயங்கள் கால்களிலும் கைகளிலும் இருந்தன, ஒன்றில்கூட ரத்தம் கசியவில்லை. காய்ந்த தோல்பையைக் கத்தியால் கீறியது போலத்தான் அவை இருந்ததாக மெக்கீ எழுதுகிறார்.

அவர் பிழைத்தார். அந்த வாரக் கடைசியில் யூமா நகரில் உட்கார்ந்து தர்ப்பூசணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மெக்கீ மருத்துவர் இல்லை, நிலவியலாளர், மானிடவியலாளர். ஆனால் கூர்மையாகப் பார்க்கத் தெரிந்தவர். 1906இல் ஒரு மருத்துவ இதழில் அவர் எழுதிய விவரம் தாகத்தைப் பற்றிய ஆய்வுகளில் இன்றும் எடுத்துப் பேசப்படுகிறது. அதற்குக் காரணமும் உண்டு. இந்த நிலை வரை போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம், ஆய்வகத்தில் யாரையும் இந்த நிலைக்குக் கொண்டுபோகவும் முடியாது. அதனால் நூற்றிருபது வருடம் பழைய இந்த ஒற்றை நிகழ்வை, இன்று நமக்குத் தெரிந்த உடலியலை வைத்து மறுபடி படித்துப் பார்ப்பது பயனுள்ள வேலை.

என் பார்வையில் இந்த நிகழ்வு காட்டுவது இதுதான். உடல் உள்சமநிலையைக் காக்கிறது என்று சொன்னால் எல்லாமே அசையாமல் இருப்பது போன்ற ஒரு படம் மனதில் வருகிறது. பாப்லோவின் உடலில் ஏறக்குறைய எல்லாமே அசைந்தது. எது முதலில் அசைய வேண்டும், எது கடைசி வரை அசையக் கூடாது என்பதில் மட்டும் உடல் ஒரு வரிசையை விடாமல் வைத்திருந்தது. அந்த வரிசையால்தான் அவர் உயிரோடு வந்தார்.

நடந்தது

டினாஹாஸ் ஆல்டாஸ் என்பது பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கும் இடம். அந்த வழியின் பெயரே காமினோ தெல் தியாப்லோ, சாத்தானின் பாதை. சுற்றிலும் பல காத தூரத்துக்கு நம்பிப் போகக்கூடிய தண்ணீர் கிடையாது. ஆகஸ்டில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தொடும்.

பாப்லோவும் ஹெசூஸ் ரியோஸ் என்ற முதியவரும் ஒரு தங்கச் சுரங்கத்தைத் தேடிக் குதிரைகளில் போனார்கள். வழியில் தண்ணீர் போதாது என்று தெரிந்ததும் ரியோஸ் குதிரைகளோடு முகாமுக்குத் திரும்பினார். பாப்லோ சுமார் 2 காலன் தண்ணீரோடு நடந்து முன்னே போனார். மறுபடி சந்திப்பதாக ஏற்பாடு. சந்திக்கவில்லை. ஹோஸே தடம் பார்த்துத் தேடிப் போயும் பயனில்லாமல் திரும்பினார். செத்துப்போயிருப்பார் என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கையில் இருந்தது ஒரு நாளுக்கான தண்ணீர். அதற்கப்புறம் ஏறக்குறைய ஏழு நாள் அவர் தண்ணீரில்லாமல் அலைந்திருக்கிறார், கடைசியில் தவழ்ந்திருக்கிறார். சிறுநீரைச் சேர்த்து வைத்துக் குடித்திருக்கிறார். ரியோஸ் தன்னை வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனார் என்று நம்பி, அவரைப் பழிவாங்கியே தீருவது என்ற வெறியில் நடந்ததாகப் பின்னால் சொன்னார். இதை உடலியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை, ஆனால் விட்டுவிடவும் மனம் வரவில்லை.

வரவு செலவு

பாப்லோ தன் எடையில் நாலில் ஒரு பங்கை இழந்திருப்பார் என்பது மெக்கீயின் கணிப்பு. அதை அப்படியே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தால் சுவாரசியமான சில விஷயங்கள் வெளியே வருகின்றன. மற்ற எதையும் விட எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது, கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஆளின் எடை 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதில் தண்ணீர் சுமார் 42 லிட்டர். மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 28 லிட்டர், செல்களுக்குள்ளே இருக்கிறது. மீதி 14 லிட்டர் செல்களுக்கு வெளியே. அந்தப் பதினாலில் ரத்த நாளங்களுக்குள் ஓடும் பிளாஸ்மா 3 லிட்டரை ஒட்டித்தான். நாலில் ஒரு பங்கு எடை என்றால் 17 கிலோவுக்கு மேல். அத்தனையும் தண்ணீர் இல்லை. பட்டினியில் கரைந்த கொழுப்பு, தசை, கல்லீரலில் சேமித்திருந்த கிளைக்கோஜன் எல்லாம் சேர்ந்து ஒரு மூன்று கிலோவைக் கழித்துவிடலாம். மிச்சம் 14, 15 லிட்டர். உடலில் இருந்த மொத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு.

இங்கே ஒரு சிக்கல் வருகிறது. உப்பு எதுவும் போகாமல் வெறும் தண்ணீர் மட்டும் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தால், ரத்தத்தின் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோலில் இருந்து 210க்கு ஏறியிருக்க வேண்டும். அந்த அளவில் ஒருவர் தவழ்ந்து வந்து சத்தம் போட்டார் என்பதை நம்புவது கடினம். ஆக, தண்ணீரோடு உப்பும் கணிசமாகப் போயிருக்கிறது. வியர்வையிலும் சிறுநீரிலும் லிட்டருக்கு 50 மில்லிமோல் அளவில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து வெளியேறின என்று கொண்டால், சோடியம் 175க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதுவும் பயங்கரமான எண்தான். மருத்துவமனையில் 160ஐத் தாண்டினாலே டாக்டர் முகம் மாறிவிடும். ஆனாலும் 175 என்பது, மெதுவாக ஏறியிருந்தால், உயிரோடு இருக்கச் சாத்தியமுள்ள எண்.

அதாவது உப்பை இழந்ததே ஒரு விதத்தில் அவரைக் காப்பாற்றியது. உப்பு போனால் ரத்தத்தின் கன அளவு குறையும், ரத்த அழுத்தம் விழும், அது ஒரு கேடு. உப்பு போகாவிட்டால் செறிவு எகிறி செல்கள் வற்றும், அது இன்னொரு கேடு. இரண்டுக்கும் நடுவில் உடல் எங்கோ ஓரிடத்தில் நின்றிருக்கிறது.

கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. குடித்த 2 காலன், அதாவது ஏழரை லிட்டரையும் சேர்த்தால் மொத்தச் செலவு 22 லிட்டர். வாரம் முழுவதற்கும் வகுத்தால் நாளுக்குச் சுமார் 3 லிட்டர். பாலைவன வெயிலில் பகலில் நடப்பவருக்கு ஒரு மணி நேரத்திலேயே ஒரு லிட்டர் வியர்க்கும். அதனால் பாப்லோ பகலில் பெரிதாக நடந்திருக்கவே முடியாது. நிழல் கிடைத்த இடத்தில் கிடந்துவிட்டு இருட்டிய பிறகு நகர்ந்திருந்தால்தான் இந்தக் கணக்கு ஒத்துவரும்.

இரண்டாம் உலகப் போரின்போது ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் அடால்ஃப் குழு கலிஃபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை வைத்து இதையெல்லாம் அளந்தது. அதிலிருந்து வந்த அட்டவணைப்படி, பகல் உச்சம் 38 டிகிரியாக இருக்கும் இடத்தில் தண்ணீரே இல்லாமல் நிழலில் அசையாமல் கிடப்பவர் 5 நாள் தாங்கலாம். இரவில் நடந்து பகலில் ஓய்ந்தால் 3 நாள். பாப்லோ இதன் இரு மடங்கைத் தாண்டுகிறார். வெயிலில் பழகிய உடம்பு என்பது ஒரு காரணமாக இருக்கலாம். வெப்பத்துக்குப் பழகியவரின் வியர்வைச் சுரப்பிகள் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோனின் உத்தரவில் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் பழக்கம் தண்ணீரை மிச்சப்படுத்தாது. பழகியவருக்கு வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும்தான் வரும். அடால்ஃப் குழு அழுத்திச் சொன்ன விஷயமும் இதுதான்: தண்ணீரைக் குறைத்துக் குடித்துப் பழகினால் உடல் குறைந்த தண்ணீரில் வாழக் கற்றுக்கொள்ளும் என்ற பழைய ராணுவ நம்பிக்கைக்கு ஆதாரமே இல்லை.

துணியைப் பற்றியும் அவர்கள் அளந்திருக்கிறார்கள். வெயிலில் உடுத்தியவரை விட வெற்றுடம்பு ஆளுக்கு வியர்வை அதிகம் போகும். பாப்லோ உடைகளைக் களைந்து எறிந்தது அவருக்கு எதிராகத்தான் வேலை செய்திருக்கும்.

முதலில் காத்தது: செறிவு

உடல் முதலில் கவனிப்பது தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதை அல்ல. ரத்தம் எவ்வளவு உப்புச் செறிவோடு இருக்கிறது என்பதைத்தான். கரைந்திருக்கும் துகள்களை எண்ணும் மில்லியாஸ்மோல் என்ற அலகில் சாதாரணமாக இது கிலோவுக்கு 285 முதல் 295. இதில் ஒன்று, இரண்டு சதவீதம் ஏறினாலே மூளை எழுந்து உட்கார்ந்துவிடும்.

1947இல் கேம்பிரிட்ஜின் எர்னஸ்ட் வெர்னி இதை நாய்களில் காட்டினார். மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியில் கொஞ்சம் உப்புக் கரைசலைச் செலுத்தினால் போதும், சிறுநீர் உடனே குறைந்தது. உடலின் மொத்தத் தண்ணீரில் எந்த மாற்றமும் இல்லை, மூளைக்குப் போன ரத்தத்தின் செறிவு மட்டும்தான் கூடியது. மூளையின் முன்பக்கம், ஹைப்போதலாமஸை ஒட்டி, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலான தடுப்பு இல்லாத சின்னச் சின்ன இடங்கள் இருக்கின்றன. அங்குள்ள நரம்புச் செல்கள் ரத்தத்தின் செறிவை நேரடியாக உணர்கின்றன. செறிவு ஏறினால் அந்தச் செல்கள் சுருங்குகின்றன, சுருக்கத்தால் அவற்றின் சவ்வில் உள்ள வாயில்கள் திறந்து மின்குறிப்பு எழுகிறது. அதாவது வேறு செல்களுக்கு ஆபத்தாக இருக்கும் சுருக்கமே இந்தச் செல்களுக்கு அளவுகோல்.

அந்தக் குறிப்பிலிருந்து இரண்டு காரியம் நடக்கிறது. சிறுநீரைக் குறைக்கச் சொல்லும் வாசோபிரெசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, தாகம் எடுக்கிறது. வாசோபிரெசின் முந்திக்கொள்ளும், தாகம் கொஞ்சம் பொறுத்துத்தான் வரும். தாகம் தெரியும்போதே சிறுநீரகம் சிக்கனத்தை ஆரம்பித்துவிட்டிருக்கும்.

தாகம் என்றால் வாய் காய்வதுதான் என்று நினைத்தவர்களில் வால்டர் கேனனும் ஒருவர். உள்சமநிலைக்கு ஹோமியோஸ்டாசிஸ் என்று பெயர் வைத்தவரே அவர்தான். 1918இல் லண்டனில் ஆற்றிய உரையில் தாகத்தின் அடிப்படை தொண்டை வறட்சி என்று வாதாடினார். ஒரு துறைக்கே பெயர் சூட்டியவர் அந்தத் துறையின் மிகப் பழைய உணர்ச்சி ஒன்றின் இருப்பிடத்தைத் தவறாகச் சொன்னது எனக்கு எப்போதும் ஆறுதலாக இருக்கும். எச்சில் வற்றுவது ஒரு விளைவு. மூலம் மேலே, மூளையில்.

வாசோபிரெசின் சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்களை அடைந்ததும், அங்குள்ள செல்களுக்குள் சிறு பைகளில் தயாராக இருக்கும் நீர்வழிப் புரதங்கள் குழாயின் உட்பக்கச் சவ்வுக்கு வந்து பொருந்துகின்றன. இவைதான் அக்குவாபோரின்கள். இந்தக் குடும்பத்தின் முதல் புரதத்தை அடையாளம் கண்டதற்கு பீட்டர் அக்ரிக்கு 2003இல் வேதியியல் நோபல் கிடைத்தது. வழி திறந்ததும் சிறுநீராகப் போகவிருந்த தண்ணீர் திரும்ப உடலுக்குள் இழுக்கப்படுகிறது. மனித சிறுநீரகத்தால் சிறுநீரைச் சுமார் 1200 மில்லியாஸ்மோல் வரை கெட்டியாக்க முடியும், அதற்கு மேல் முடியாது. ஒரு நாளைக்குச் சுமார் 600 மில்லியாஸ்மோல் கழிவை வெளியேற்றியாக வேண்டும். ஆகவே எவ்வளவு சிக்கனம் பிடித்தாலும் அரை லிட்டர் சிறுநீர் போயே தீரும்.

பாப்லோ சிறுநீரைக் குடித்ததற்கும் இங்கே பதில் இருக்கிறது. முதல் நாள், தண்ணீர் மிச்சமிருந்தபோது, நீர்த்த சிறுநீரில் ஏதோ கொஞ்சம் லாபம் இருந்திருக்கலாம். 1200ஐ எட்டிய சிறுநீரைக் குடித்தால் அதில் உள்ள யூரியாவையும் உப்பையும் வெளியேற்ற அதே அளவு தண்ணீர் மறுபடி வேண்டும். லாபம் பூஜ்யம். வாய் நனைந்தது என்பதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் கிடைத்திருக்காது.

கைவிட்டது: தோல், கைகால், குடல்

ரத்தம் கசியாத காயங்கள்தான் இந்த நிகழ்வில் எல்லோருக்கும் நினைவில் நிற்கும் விஷயம். பாலைவனத்தின் மாயமாகவே சிலர் இதைச் சொல்வதுண்டு. காரணம் வெளிப்படையானது. பிளாஸ்மா குறைந்ததும் பெருந்தமனியிலும் கழுத்திலும் உள்ள அழுத்த உணரிகள் அதைக் கண்டுகொள்கின்றன. சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கிறது, அது ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் உருவாவதில் முடிகிறது. நரம்பு மண்டலமும் இந்த ஹார்மோன்களும் சேர்ந்து தோல், தசை, குடல் ஆகியவற்றின் சிறு நாளங்களை இறுக்குகின்றன. இருக்கும் ரத்தம் இதயத்துக்கும் மூளைக்கும் என்று ஒதுக்கப்படுகிறது. மணிக்கட்டில் நாடி இல்லாததும் காயத்தில் ரத்தம் இல்லாததும் ஒரே முடிவின் இரண்டு முகம். நீர் ஏறிய பிறகு அதே காயங்கள் ரத்தம் கசிந்து, சிவந்து வீங்க ஆரம்பித்தன என்று மெக்கீ குறித்திருக்கிறார். நாளங்கள் செத்துப்போகவில்லை, மூடியிருந்தன.

ஆனால் தோலுக்கு ரத்தத்தை நிறுத்துவதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. உடலின் சூட்டை வெளியே கொண்டுவந்து தள்ளுவது தோலுக்கு வரும் ரத்தம்தான். காற்றே உடலைவிடச் சூடாக இருக்கும் இடத்தில் வியர்வை ஆவியாவது மட்டுமே குளிர்ச்சிக்கு வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அழுத்தத்தைக் காக்கத் தோலை மூடினால் வெப்பம் உள்ளே தேங்கும். வெப்பத்தைத் தள்ளத் தோலைத் திறந்தால் அழுத்தம் விழும். பாலைவனத்தில் நீரிழந்து சாகும் பெரும்பாலானோர் உண்மையில் தாகத்தால் சாவதில்லை. ரத்தம் கெட்டிப்பட்டு, இதயத்தால் அதைத் தோல்வரை தள்ள முடியாமல், உடல் வெப்பம் திடீரென்று எகிறித்தான் சாகிறார்கள்.

ஒட்டகத்தின் சாமர்த்தியம் இந்த இடத்தில்தான் தெரியும். 1950களில் சகாராவின் பெனி அப்பாஸில் ஒட்டகங்களை ஆராய்ந்த க்னூட் ஷ்மிட்-நீல்சன், அவை எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் நீரை இழந்தாலும் பிளாஸ்மா அதிகம் குறைவதில்லை என்று கண்டார். மற்ற திசுக்களில் இருந்து போகும், ரத்தத்தில் இருந்து போகாது. திமிலில் தண்ணீர் இருக்கிறது என்ற கதையைவிட இது எவ்வளவோ மேல். மனிதருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நம்மில் பிளாஸ்மா தன் பங்குக்கு மேலாகவே குறைகிறது.

பாப்லோ ஒட்டகத்தின் அளவுக்கு இழந்தும் வெப்பத்தால் சாகவில்லை என்றால், கடைசி நாட்களில் அவர் உடல் மிகக் குறைவான வெப்பத்தையே உற்பத்தி செய்திருக்கிறது என்று அர்த்தம். தவழ்வது, கிடப்பது, மறுபடி தவழ்வது. அவருடைய பலவீனமே அவரைக் காத்தது என்றுதான் நான் படிக்கிறேன். தெம்பு இருந்து நண்பகலில் எழுந்து ஓடியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும்.

செல்லுக்குள்ளே

மெக்கீ காலத்தில் தெரிந்திருக்கவே வாய்ப்பில்லாத பகுதி இது.

உப்பு போட்டு வைத்த மாங்காய்த் துண்டு நீர் விட்டுச் சுருங்குவது போல, வெளியே செறிவு ஏறினால் செல்லில் இருந்து தண்ணீர் வெளியேறும். பாப்லோ இழந்த 15 லிட்டரில் கணிசமான பகுதி கடைசியில் செல்களின் கையிருப்பில் இருந்து வந்ததுதான். செல்கள் தங்கள் தண்ணீரைக் கொடுத்து ரத்த ஓட்டத்தைக் காப்பாற்றின. ஆனால் மாங்காய்த் துண்டு ஒன்றும் செய்யாது, செல் செய்யும்.

சுருங்கிய சில நிமிடங்களிலேயே செல் தன் சவ்வில் உள்ள கடத்திகள் வழியாகச் சோடியம், பொட்டாசியம், குளோரைடு ஆகியவற்றை உள்ளே இழுக்கிறது. உள்ளே உப்பு கூடினால் தண்ணீரும் பின்னாலேயே வரும், செல் பழைய பருமனுக்கு வந்துவிடும். உடனடிப் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் இது கடன் வாங்கிச் சமாளிப்பதுதான். உள்ளே அயனிகள் கூடினால் புரதங்களின் வடிவம் குலையும், நொதிகள் சரியாக வேலை செய்யாது, மரபணு இழைகளில் முறிவுகள் கூட வரும். வெகுநாள் தாங்காது.

அதனால் மணிக்கணக்கில், நாள்கணக்கில் இரண்டாவது ஏற்பாடு நடக்கிறது. அயனிகளை மெல்ல வெளியேற்றிவிட்டு அவற்றின் இடத்தில் சில சிறு கரிம மூலக்கூறுகளைச் செல் நிரப்புகிறது: மையோ-இனோசிட்டால், டாரின், பீட்டைன், சார்பிட்டால். இவற்றை எவ்வளவு குவித்தாலும் புரதங்களின் வேலையைக் கெடுப்பதில்லை. 1982இல் பால் யான்சியும் உடன் பணியாற்றியவர்களும் இதை உயிரினங்கள் முழுவதிலும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். பாக்டீரியா, தாவரம், கடல் விலங்கு, பாலூட்டியின் சிறுநீரகம் என்று எங்கே பார்த்தாலும் நீர்ப் பஞ்சத்துக்குக் கையாளும் பொருள்கள் இதே மாதிரி ஒரு சிறு பட்டியல்தான். இந்த மூலக்கூறுகளைச் சேர்க்கும் மரபணுக்களை முடுக்கும் புரதம் ஒன்று 1999இல் அடையாளம் காணப்பட்டது, பெயர் என்ஃபாட்5. செறிவு ஏறினால் அது செல்லின் கருவுக்குள் போய்க் குவிகிறது.

நம் உடம்பிலேயே இந்தக் கலையில் தினமும் பயிற்சி உள்ள செல்கள் இருக்கின்றன. சிறுநீரகத்தின் உள்பகுதியில் செறிவு ரத்தத்தைப் போல நாலு மடங்கு இருக்கும். அங்குள்ள செல்கள் வாழ்நாள் முழுக்க அந்த உப்பிலும் யூரியாவிலும் ஊறிக்கொண்டு உயிரோடு இருக்கின்றன. 1200 மில்லியாஸ்மோல் சிறுநீர் சாத்தியமாவதே அவை தாங்குவதால்தான். அந்த வாரத்தில் பாப்லோவின் மற்ற செல்களுக்குப் புதிதாக வந்த கஷ்டம் இவற்றுக்குப் பழைய கதை.

வெப்பத்துக்கும் செல்லிடம் தனி ஏற்பாடு உண்டு. 1962இல் இத்தாலியரான ஃபெருச்சியோ ரிட்டோசா, அடைகாப்புப் பெட்டியின் சூடு தற்செயலாகக் கூடியதில், பழ ஈக்களின் குரோமோசோம்களில் சில இடங்கள் புடைத்திருப்பதைக் கவனித்தார். சூடு பட்டதும் விழித்துக்கொள்ளும் மரபணுக்கள் அவை. அவை செய்யும் புரதங்கள், மடிப்புக் கலைந்த மற்ற புரதங்களைப் பிடித்து மறுபடி சரியாக மடிக்க உதவுகின்றன. இந்தப் புரதங்கள் வெப்பத்துக்கு மட்டுமல்ல, உப்புச் செறிவு, ஆக்சிஜன் குறைவு என்று பல நெருக்கடிகளுக்கும் வெளியே வருகின்றன. நாள்தோறும் பகலில் சூடு, இரவில் இளைப்பாறல் என்று போன பாப்லோவின் வாரம், செல்களுக்கு இந்தப் புரதங்களைச் சேர்த்துக்கொள்ள அவகாசம் கொடுத்திருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது.

எல்லாவற்றிலும் அவகாசம்தான் முக்கியம். மூளைச் செல்கள் ஒரே நாளில் சுருங்கினால், மண்டையோட்டிலிருந்து மூளை விலகிச் சிறு நாளங்கள் அறுந்து உள்ளே ரத்தம் கசியலாம். அதே செறிவு பல நாளில் ஏறினால் கரிம மூலக்கூறுகள் நிறைந்து மூளை தன் பருமனைப் பெரும்பாலும் மீட்டுக்கொள்ளும். சோடியம் 175 என்ற ஒரே எண், ஒரு நாளில் வந்தால் ஒரு நோய், ஆறு நாளில் வந்தால் வேறு நோய்.

மெக்கீயின் ஐந்து நிலைகள்

மெக்கீ தாகத்தை ஐந்து நிலைகளாகப் பிரித்தார். புலம்பும் நிலையில் தொடங்கி, வாய் பஞ்சாவது, நாக்கு சுருங்குவது, ரத்தம் வியர்ப்பது என்று போய், கடைசியில் உயிருள்ள சாவு. படிக்க உடம்பு சிலிர்க்கும். ஆனால் இன்று ஒரு நோயாளியின் நிலையை அறிய இதை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது. முகத்தையும் வாயையும் மட்டுமே பார்த்து எழுதிய வரிசை இது. ரத்த அழுத்தம், சிறுநீர், உடல் வெப்பம், எடை எதுவும் இதில் இல்லை. அவருடைய வகைப்பாட்டை விட, அவர் பாப்லோவின் காயங்களைப் பற்றி எழுதிய நாலு வரி அதிக மதிப்புள்ளது.

மீட்டது எப்படி

பாப்லோவால் விழுங்க முடியவில்லை. அதனால் முகத்திலும் தலையிலும் மார்பிலும் வயிற்றிலும் தண்ணீரை ஊற்றினார்கள், கைகால்களில் தேய்த்தார்கள். முதலில் தோலில் பட்ட தண்ணீர் வழிந்து ஓடியதாம், பிறகு தோல் அதை ஆவலாக உறிஞ்சியதாம். இதை மெக்கீ நம்பினார். தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும் தண்ணீர் கணக்கில் வராத அளவுதான். மேல்தோல் ஊறியிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் செய்தது சரியான வேலை. உடலைக் குளிர்வித்தது, வியர்வைக்குச் செலவாக வேண்டிய தண்ணீரை மிச்சப்படுத்தியது. தண்ணீர் கலந்த விஸ்கியும் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டார்கள். இன்று யாரும் இதைச் செய்ய மாட்டார்கள்: ஆல்கஹால் வாசோபிரெசினை அடக்கும், நாள்கணக்காகச் சிறுநீரகம் பிடித்து வைத்ததை அவிழ்த்துவிடச் சொல்லும். அளவு சிறிதாக இருந்ததால் பாதகமில்லாமல் போயிருக்கலாம். ஒரு மணி நேரத்துக்குள் அவர் தண்ணீர் குடிக்கத் தொடங்கினார், கொஞ்ச நேரத்தில் உணவும் இறங்கியது. அன்றே தாங்கிப் பிடித்து முகாமுக்கு நடத்தி வந்தார்கள்.

அவரால் வேகமாகக் குடிக்க முடியாமல் போனது பெரிய அதிர்ஷ்டமாக இருந்திருக்கலாம். மூளைச் செல்கள் நாள்கணக்கில் சேர்த்த கரிம மூலக்கூறுகள் ஒரு மணி நேரத்தில் வெளியேறாது. வெளியே செறிவு சட்டென்று இறங்கினால் தண்ணீர் செல்களுக்குள் பாயும், மூளை வீங்கும். நெருக்கடியில் காத்த ஏற்பாடே நெருக்கடி நீங்கும்போது ஆபத்தாகிவிடும். இதனால்தான் நாள்பட்டு ஏறிய சோடியத்தை 24 மணி நேரத்தில் 10, 12 மில்லிமோலுக்கு மேல் இறக்கக் கூடாது என்று மருத்துவமனைகளில் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள். குழந்தைகளில் இந்த ஆபத்து நன்கு தெரிந்தது. பெரியவர்களில் இவ்வளவு தயக்கம் தேவையா என்று அண்மை ஆண்டுகளில் மருத்துவர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். மெதுவாக இறக்கிக்கொண்டே இருந்ததில் நோயாளி தாமதத்தாலேயே கெட்டுப்போவதும் உண்டு.

பாப்லோ குடித்த வேகத்தைக் கணக்கிட நம்மிடம் அளவு எதுவும் இல்லை. சுருங்கிய தொண்டை, இறுகிய குடல் நாளங்கள், தயங்கும் இதயம் எல்லாம் சேர்ந்து தண்ணீர் ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் கட்டுப்படுத்தியிருக்கும். கூடவே உணவும் கொடுத்தார்கள். அதில் இருந்த உப்பு, செறிவு ஒரேயடியாக விழாமல் தடுத்திருக்கும். மெக்கீயும் ஹோஸேயும் இதைத் தெரிந்து செய்யவில்லை. முகாமில் இருந்ததைக் கொடுத்தார்கள்.

பாப்லோவின் தலைமுடி பாதி உதிர்ந்து, மிச்சம் சாம்பல் நிறமாகிவிட்டது என்றும் மெக்கீ எழுதுகிறார். ஏற்கெனவே வளர்ந்து நிற்கும் முடியில் உயிர் இல்லை, ஒரு வாரத்தில் அது நிறம் மாற வழியில்லை. கறுப்பு முடிகள் கொட்டி, முன்பே இருந்த நரைகள் மட்டும் நின்றிருந்தால் பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.